பேரிடர் வேளையில் மருத்துவ உதவி: கேட்டுக் கொடுப்போம்

2025ம் ஆண்டு மார்ச் 28ம் தேதி, வெள்ளிக்கிழமை நண்பகல் வேளை. மியான்மார் நாட்டின் சகாயிங், மந்தலாய் பகுதிகளை 7.7 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. மூவாயிரத்திற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஆக்ராவிலிருந்து விமானத்தில் சென்ற இந்திய இராணுவத்தின் 118 பேர் கொண்ட மருத்துவக் குழு, மந்தலாயில் கள மருத்துவமனை ஒன்றை அமைத்துச் சிகிச்சை அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ம் தேதி, ஞாயிறு நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், ஆப்கானிஸ்தானின் குனார் மாநிலம் குலுங்கியது. மண்ணாலும் கல்லாலும் கட்டப்பட்டிருந்த வீடுகள், உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீதே சரிந்தன. இரண்டாயிரத்திற்கும் அதிகமானோர் இறந்தனர்.

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போதெல்லாம் நம் உள்ளம் பதறுகிறது. ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. பங்குகளில் சிறப்புக் காணிக்கை எடுக்கப்படுகிறது. இளையோர் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டுகின்றனர். வீட்டு அலமாரியில் மீந்து கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் சிலர் எடுத்துத் தருகின்றனர். மருத்துவம் படித்தோர், அடுத்த விமானத்தில் ஏறிவிடலாமா என்று நினைக்கின்றனர். இந்தப் பதற்றம் நல்ல பதற்றம். அது இல்லாத சமுதாயம் செத்த சமுதாயம். ஆனால், நாம் கொடுத்தது அந்தக் காயத்தைச் சென்று சேர்ந்ததா என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உலகம் சந்தித்த பேரிடர்கள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில், நம்மைச் சற்று நிதானிக்க வைக்கிறது. அந்தப் பதிலைத்தான் இன்று அலசிப் பார்க்கிறோம்.

மலையாய்க் குவிந்த மருந்துகள்

1988ம் ஆண்டு டிசம்பர் 7ம் தேதி, அப்போது சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த அர்மேனியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. குறைந்தது 25,000 பேர் இறந்தனர். உலகம் மனமிரங்கியது. ஏறக்குறைய 5,000 டன் மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் அந்நாட்டில் வந்து இறங்கின. அவற்றில் என்ன இருக்கிறது என்று அறிந்து பிரித்து வைப்பதற்கே 50 பேர் ஆறு மாதங்கள் உழைக்க வேண்டியிருந்தது. வந்தவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. இன்னொரு பகுதி பனியில் உறைந்து கெட்டது. எஞ்சியவற்றில் எளிதாக அடையாளம் காணக்கூடியவை 30 விழுக்காடு மட்டுமே. பல்வேறு மொழிகளில், பல்வேறு வணிகப் பெயர்களில் வந்த பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கான மருந்து என்று மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

16 ஆண்டுகள் கழித்து, 2004ம் ஆண்டு டிசம்பர் 26ம் தேதி ஆழிப்பேரலை வந்தது. அந்த நாளை நமக்கு யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும், கடலுக்கு அப்பால் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் நம் உறவுகளை நாம் அன்று இழந்தோம். எல்லாரையும்விட அதிகமாக இழந்தது இந்தோனேசியாவின் அச்சே மாநிலம். அங்கே 2005ம் ஆண்டில் மருந்தாளுநர் அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வு, அர்மேனியாவின் கதை மீண்டும் நடந்திருப்பதைக் காட்டியது. இருபது இலட்சத்திற்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்துகள் வந்திருந்தன. அவற்றில் 60 விழுக்காடு, அந்நாட்டின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலேயே இல்லாதவை. 70 விழுக்காட்டு மருந்துகளின் உறைகளில் இருந்த எழுத்து, அம்மக்களுக்குப் புரியாத வேற்று மொழி. ஏறக்குறைய 600 டன் மருந்துகளை அழிக்க வேண்டியிருந்தது. மருந்தை வீட்டுக் குப்பைபோலக் கொளுத்திவிட முடியாது. மண்ணும் நீரும் நஞ்சாகாதபடி அழிக்க வேண்டும். அதற்கு 24 இலட்சம் யூரோ செலவாகும் என மதிப்பிடப்பட்டது. வீடிழந்து, உறவிழந்து நின்ற ஒரு மக்களின் தலையில், நமது அன்பளிப்பை அழிக்கும் செலவும் வந்து விழுந்தது.

இதற்கு யார் காரணம்? கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். மருந்து நிறுவனங்கள் சில, தங்களிடம் தேங்கிக் கிடந்ததைத் தள்ளிவிட்டதும் உண்டு. ஆனால், பெரும்பாலான பெட்டிகளை அன்போடு கட்டி அனுப்பியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். அவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். அங்கே என்ன தேவை என்று கேட்கவில்லை. சிக்கல் அந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு முடிவு கட்டவே, உலக நலவாழ்வு நிறுவனம் 1996ம் ஆண்டில், வேறு பல அமைப்புகளுடன் இணைந்து, மருந்துக் கொடைகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அந்த நெறிமுறைகளை உருவாக்கியதில், உலகக் கிறிஸ்தவ சபைகள் மன்றத்தின் நலவாழ்வுப் பிரிவுக்குப் பங்கு உண்டு. 1999ம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் நமது அனைத்துலக காரித்தாஸ் அமைப்பும் இணைந்துகொண்டது. நெறிமுறைகள் சொல்வது மிக எளிது. பெறுபவர் கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். அந்நாட்டின் மருந்துப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். சென்று சேரும்போது இன்னும் ஓராண்டாவது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவப் பணியாளருக்குப் புரியும் மொழியில், மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்தவையோ, மருத்துவர்களுக்கு இலவசமாக வந்த மாதிரிகளோ கூடாது. நம் நாட்டில் நல்லதல்ல என்று நாம் ஒதுக்குவதை அடுத்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஏழைக்கு ஒரு தரம், நமக்கு ஒரு தரம் என்பது கூடாது.

பாலும் நஞ்சாகும் வேளை

மருந்து மட்டுமல்ல, உணவும் இப்படித்தான். 2006ம் ஆண்டு மே 27ம் தேதி, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. குழந்தைகள் பசித்திருக்கும் என்று எண்ணி, குழந்தைகளுக்கான பால் பவுடர் பெருமளவில் வழங்கப்பட்டது. யாருக்கு அதில் குறை காணத் தோன்றும்? ஆனால், பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் தெரிய வந்தது இது: இலவசப் பால் பவுடர் பெற்ற குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு. அதைப் பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

காரணத்தை நம் வீட்டுப் பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். நல்ல தண்ணீர் இல்லை. அடுப்பு இல்லை. புட்டியைக் கொதிக்க வைக்க வழியில்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு, கூடாரத்தில் கலக்கிய புட்டிப்பால் வந்து சேர்ந்தது. தாய்க்கு நல்ல உணவும், குடிக்கத் தண்ணீரும், மறைவாக அமர்ந்து பாலூட்ட ஓர் இடமும் கொடுத்திருந்தால், அந்தக் குழந்தைக்கு மருந்தே தேவைப்பட்டிருக்காது. தாயை இழந்த குழந்தைக்கு மட்டும், சுத்தமான நீரோடும் கண்காணிப்போடும் பால் பவுடர் கொடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் வழி.

காலத்தின் கணக்கு

அன்பர்களே, பேரிடரில் மருத்துவ உதவி என்றவுடன் நம் கண்முன் வருவது, இடிபாடுகளுக்கு நடுவே நடக்கும் அறுவைச் சிகிச்சை. ஆனால், ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு தேவை இருக்கிறது என்பதை அனுபவம் கற்றுத் தந்துள்ளது.

முதல் ஒரு நாள், இரண்டு நாள்களில் காப்பாற்றப்படுவோரைக் காப்பாற்றுவது யார்? பக்கத்து வீட்டுக்காரர். தெருமுனை ஆட்டோ ஓட்டுநர். உள்ளூர் செவிலியர். 2003ம் ஆண்டு டிசம்பர் 26ம் தேதி, ஈரானின் பாம் நகர் நிலநடுக்கத்தில் 26,000க்கும் அதிகமானோர் இறந்தனர். நகரின் மருத்துவமனைகளும் இடிந்தன. பல நாடுகள் கள மருத்துவமனைகளை அனுப்பின. ஆனால், அவை வந்து படுக்கை விரித்து முடிக்கும் முன்னரே, ஈரான் மக்களே காயமுற்ற ஆயிரக்கணக்கானோரை விமானங்களிலும் வண்டிகளிலும் ஏற்றி, பிற மாநில மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்த்துவிட்டனர். கடல் கடந்து வரும் உதவி, எவ்வளவு விரைந்தாலும், பெரும்பாலும் அந்த முதல் மணி நேரங்களைத் தவறவிட்டுவிடுகிறது. இது யாருடைய குற்றமும் அல்ல; தூரத்தின் கணக்கு.

அப்படியானால் வெளிநாட்டு உதவி வீணா? இல்லவே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து வேறொரு போராட்டம் தொடங்குகிறது. சேற்றிலும் துருப்பிடித்த தகரத்திலும் பட்ட காயங்கள் சீழ் பிடிக்கின்றன. ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு மாதத்திற்குள் அச்சேயில் 106 பேருக்கு ரணஜன்னி கண்டது. அவர்களில் 20 பேர் இறந்தனர். பேரலையில் தப்பியவர்கள், தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தார்கள். கூட்டமாய்த் தங்கும் முகாம்களில் தட்டம்மை பரவும். எனவே தடுப்பூசி வேண்டும். அதைக் குளிர் குறையாமல் கொண்டு செல்லும் பெட்டிகள் வேண்டும்.

பேரிடர் வந்துவிட்டது என்பதற்காக மற்ற நோய்களும் காத்திருப்பதில்லை. பேறுகாலத்தை எட்டிய பெண்ணுக்கு அன்றைக்கும் வலி எடுக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அன்றைக்கும் இன்சுலின் தேவை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவருக்கு நிலநடுக்கம் விடுமுறை தருவதில்லை. முதல் வாரம் கடந்த பின், கள மருத்துவமனையின் வாசலில் நிற்போரில் பலர் இத்தகையோரே. எலும்பு முறிவு மருத்துவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சென்ற குழு, அவர்களுக்கு முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஹெய்ட்டி கற்றுத்தந்த பாடம்

திட்டமில்லாத நல்லெண்ணம் எதுவரை போகும் என்பதை 2010ம் ஆண்டு ஜனவரி 12ம் தேதி ஹெய்ட்டியில் நடந்த நிலநடுக்கம் காட்டியது. இறந்தோர் இரண்டு இலட்சத்திற்கும் அதிகம் என்று அந்நாட்டு அரசு கூறியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரான்சின் விமான நிலையத்தில் ஒரே ஓர் ஓடுபாதை. அதில் இறங்க உலகமே வரிசையில் நின்றது. காற்றடைத்து எழுப்பும் மருத்துவமனையை ஏற்றிவந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் விமானம், இறங்க இடமின்றி பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பி விடப்பட்டது. அங்கிருந்து சாலை வழியே அது வந்து சேரும் வரை, அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டோர் காத்துக் கிடந்தனர். எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வதும் மருத்துவம்தான்.

வந்து சேர்ந்த குழுக்கள் எத்தனை, எவர் எங்கே பணியாற்றுகிறார் என்று யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. பழுத்த அனுபவம் கொண்டவர்களும் வந்தனர். பேரிடர்ப் பணியில் முன் அனுபவமே இல்லாதவர்களும் வந்தனர். ஆயிரக்கணக்கானோரின் கைகளும் கால்களும் அகற்றப்பட்டன. அவற்றில் பல, உயிரைக் காக்கத் தேவையாக இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், எத்தனையோ பேருக்கு என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்ற குறிப்புச் சீட்டுகூட இல்லை. வந்த குழு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. தையலைப் பிரிப்பது யார்? மறு அறுவைச் சிகிச்சை செய்வது யார்? காலை இழந்த சிறுவன் வளர வளர, செயற்கைக் காலையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை யார் செய்வார்?

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு துயரம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலரா பதிவாகாத அந்நாட்டில் காலரா பரவியது. ஐ.நா. அமைதி காக்கும் படையினரின் முகாம் ஒன்றிலிருந்து கழிவுநீர் ஆற்றில் கலந்ததே அதற்கு மூலம் என ஆய்வுகள் காட்டின. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை அந்நோய் தாக்கியது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். 2016ம் ஆண்டு டிசம்பரில், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். உதவ வருபவர் தம் கழிப்பிடத்தை எங்கே, எப்படி அமைக்கிறார் என்பதும் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய ஒன்று என்பதை, அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்து உலகம் கற்றுக்கொண்டது.

திட்டம் காத்த உயிர்கள்

இருளை மட்டுமே காட்டுவது நமது நோக்கமல்ல. திட்டமிட்ட உதவி எவ்வளவு உயிர்களைக் காத்திருக்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

இடிபாடுகளில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்தவுடன், பிழைத்துவிட்டார் என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், இதயத்தையும் நிறுத்தும். அவருக்கு உடனே நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும். முடிந்தால் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும். பின்னர் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். 1988ல் அர்மேனியாவில் டயாலிசிஸ் இயந்திரங்களும் ஆள்களும் ஒழுங்கின்றி வந்து குவிந்ததில் பெரும் குழப்பம். அந்தக் குழப்பத்திலிருந்து பாடம் கற்ற உலகச் சிறுநீரக மருத்துவர்கள், பேரிடர் வருமுன்னரே ஒரு சிறப்புக் குழுவை உருவாக்கினர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புடன் கைகோர்த்தனர்.

1999ம் ஆண்டு ஆகஸ்ட் 17ம் தேதி, துருக்கியின் மர்மரா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். எந்த மருத்துவமனையில் எத்தனை நோயாளிகள், எத்தனை இயந்திரங்கள், என்ன குறைகிறது என்பதைத் துருக்கி மருத்துவர்களிடம் கேட்டு, குறைந்ததை மட்டும் அனுப்பினார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேரில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்த 639 பேரில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் உயிர் பிழைத்தனர். அர்மேனியாவிலும் துருக்கியிலும் இயந்திரம் ஒன்றுதான். கேட்டு அனுப்பியதே வேறுபாடு.

ஹெய்ட்டிக்குப் பின், 2013ம் ஆண்டில், வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான குறைந்தபட்சத் தரங்களை உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது. முதல் வகைக் குழு, நாளொன்றுக்கு 100 புறநோயாளிகளையாவது பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 20 படுக்கைகளும், நாளுக்கு ஏழு பெரிய அறுவைச் சிகிச்சைகள் செய்யும் திறனும் வேண்டும். மூன்றாம் வகை அதைவிடப் பெரியது. எந்த வகையானாலும், தன் உணவு, குடிநீர், மின்சாரம், கழிப்பிடம் அனைத்தையும் தானே கொண்டுவர வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களின் பானையில் கை வைக்கக் கூடாது. அந்நாட்டு அரசிடம் பெயரைப் பதிவு செய்து, அது காட்டும் இடத்தில் பணியாற்ற வேண்டும். நோயாளியின் குறிப்புகளை விட்டுச் செல்ல வேண்டும். 2023ம் ஆண்டு பிப்ரவரி 6ம் தேதி துருக்கியையும் சிரியாவையும் நிலநடுக்கம் தாக்கியபோது, மருத்துவக் குழுக்கள் இந்த முறையில் ஒருங்கிணைக்கப்பட்டன. நம் இந்திய இராணுவத்தின் 60வது பாராசூட் கள மருத்துவமனை, ஹத்தாய் மாநிலத்தின் இஸ்கெண்டெருன் நகரில் 30 படுக்கைகளுடன் பணியாற்றியது.

மருந்திலும் இதே ஒழுங்கு வந்துவிட்டது. 10,000 பேருக்கு மூன்று மாதங்களுக்குத் தேவையான அடிப்படை மருந்துகளும் கருவிகளும் கொண்ட அவசரகாலத் தொகுப்பு ஒன்று உண்டு. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். அதற்குள் பத்துச் சிறு தொகுப்புகள்; ஒவ்வொன்றும் ஆயிரம் பேருக்கு. மருத்துவர் இல்லாத ஊரில், பயிற்சி பெற்ற நலவாழ்வுப் பணியாளரே பயன்படுத்தும் விதத்தில் அவை அமைந்துள்ளன. துபாய் போன்ற இடங்களில் உள்ள கிடங்குகளில் இத்தகைய பொருள்கள் முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அர்மேனியாவின் 5,000 டன்னையும் இந்த ஒரு டன்னையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிது எது என்று புரியும்.

தங்கியிருக்கும் உதவி

திட்டத்தில் எண்ணிக்கை மட்டும் போதாது. மக்களின் வாழ்வையும் அறிந்திருக்க வேண்டும். குனார் நிலநடுக்கத்தின்போது, காயமுற்ற பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவப் பணியாளர்கள் போதவில்லை. பெண்கள் பணிபுரிவதற்கும், ஆண் துணையின்றிப் பயணம் செய்வதற்கும் இருந்த தடைகளைத் தளர்த்துமாறு உலக நலவாழ்வு நிறுவனம் ஆப்கான் அதிகாரிகளைக் கேட்க வேண்டியிருந்தது. கூடாரமும் மருந்தும் இருந்தும், தொட்டுப் பார்க்க ஒரு பெண்ணின் கை இல்லையென்றால் அந்த உதவி பாதியில் நின்றுவிடுகிறது.

2005ம் ஆண்டு அக்டோபர் 8ம் தேதி பாகிஸ்தானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, கியூபா நாடு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை அனுப்பியது. அவர்களில் கணிசமானோர் பெண்கள். மற்றவர்கள் திரும்பிய பின்னும், அந்த மலைக் குளிரில் அவர்கள் பல மாதங்கள் தங்கினர். கிளம்பும்போது கள மருத்துவமனைகளை அந்நாட்டிற்கே விட்டுச் சென்றனர். பாகிஸ்தான் மாணவர்கள் ஆயிரம் பேருக்குத் தங்கள் நாட்டில் மருத்துவம் படிக்க உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. ஓர் ஏழை நாடு இன்னோர் ஏழை நாட்டுக்குச் செய்த உதவி இது. அடுத்த பேரிடரில் வெளிநாட்டு மருத்துவர் குறைவாகத் தேவைப்பட வேண்டும் என்ற நோக்கில் செய்யப்படும் உதவியே நீடிக்கும் உதவி.

நம் நாகை மாவட்டமும் இதற்குச் சான்று. ஆழிப்பேரலையில் அங்கே ஆறாயிரத்திற்கும் அதிகமானோர் இறந்தனர். இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் எங்கும் நிலவியது. உண்மையில் பேரிடரில் காயத்தால் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயை உண்டாக்குவதில்லை. அசுத்தமான நீரும் நெருக்கடியான முகாமுமே அதை உண்டாக்குகின்றன. அரசு நலவாழ்வுப் பணியாளர்களும், துப்புரவுப் பணியாளர்களும், தன்னார்வலர்களும் நீரைச் சுத்தம் செய்தார்கள், முகாம்களைக் கண்காணித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பெரும் கொள்ளைநோய் ஏதும் வரவில்லை. அதே நாகையில், யாரும் கேட்காத பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. எது உயிர் காத்தது, எது குப்பையானது என்பதை நம் கண்ணாலேயே பார்த்தவர்கள் நாம்.

நம்மால் என்ன முடியும்?

"உயிர் போகும் நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்பதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்பதற்கு நேரம் பிடிக்கும் என்பதால்தான், பேரிடர் வருமுன்னரே கேட்டு வைக்க வேண்டும் என்கிறோம். முன்னரே ஆயத்தமானவர்கள்தாம் விரைவாகச் சென்றார்கள் என்பதை மர்மரா காட்டியது. ஆயத்தமின்றி விரைந்தவர்கள், ஓடுபாதையை அடைத்துக்கொண்டார்கள் என்பதை ஹெய்ட்டி காட்டியது.

"பணமாகக் கொடுத்தால் யார் கைக்குப் போகுமோ?" என்பது இன்னொரு கேள்வி. இதுவும் நியாயமானதே. பொருளாகக் கொடுக்கும்போது, நம் கையால் கொடுத்தோம் என்ற நிறைவு நமக்குக் கிடைக்கிறது. பணத்தில் அது இல்லை. ஆனால், பணம் அந்த நாட்டிலேயோ பக்கத்து நாட்டிலேயோ சரியான மருந்தை வாங்கும். விமானக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். இடிந்துபோன ஊரின் மருந்துக்கடைக்காரருக்கும் பிழைப்பைத் திருப்பித் தரும். கணக்குக் கேட்பது நம் உரிமை. காணிக்கை எவ்வளவு, எந்த அமைப்புக்குச் சென்றது, எதற்குச் செலவானது என்பதைப் பங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். பேரிடருக்கு முன்பே அம்மக்களோடு இருந்து, பின்னும் அங்கேயே இருக்கப்போகும் அமைப்புகளைத் தேர்ந்துகொள்ளலாம். காரித்தாஸ் அத்தகைய ஒன்று. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு மக்களே அதில் பணியாற்றுகின்றனர். 1943ம் ஆண்டில் குண்டூரில், மருத்துவரும் துறவியுமான மேரி குளோரி அவர்கள் தொடங்கிய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுக் கழகம், மூவாயிரத்திற்கும் அதிகமான மருத்துவமனைகளையும் சிறு மருந்தகங்களையும் இணைத்து நிற்கிறது. சாலை முடிகிற இடத்தில் இருக்கும் அந்தச் சிறு மருந்தகம்தான், முதல் இரண்டு நாள்களில் உயிர் காக்கும் இடம். பேரிடர் இல்லாத ஆண்டுகளில் அதைத் தாங்கி நிறுத்துவதும் பேரிடர் உதவியே.

நம் பங்குகளில் மருத்துவரும் செவிலியரும் பலர் உள்ளனர். தொண்டாற்ற விரும்புவோர், முறையான குழு ஒன்றில் இப்போதே பெயர் பதிந்து பயிற்சி பெறலாம். தனியாகக் கிளம்பிச் செல்வதைவிட அது பன்மடங்கு பயன் தரும். இளையோருக்கு முதலுதவிப் பயிற்சி அளிக்கலாம். கடலோரப் பங்குகளில், அன்பியங்கள் வழியாக, இன்சுலின் எடுப்போர், டயாலிசிஸ் செய்வோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் இருக்கும் முதியோர் ஆகியோரின் பட்டியலை வைத்திருக்கலாம். புயல் எச்சரிக்கை வரும் இரவில், அந்த ஒரு தாள் பல உயிர்களைக் காக்கும். இரத்ததானத்தைப் பேரிடர் நாளின் கூட்டத்திற்கு ஒதுக்கி வைக்காமல், ஆண்டு முழுவதும் வழக்கமாக்கலாம்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே இருந்தவரிடம் பணம் கொடுத்தார். பராமரிக்கச் சொன்னார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். முதலுதவி, கொண்டு சேர்த்தல், உள்ளூர் ஆளிடம் பொறுப்பு ஒப்படைத்தல், தேவைக்கேற்ற பணம், மீண்டும் வந்து பார்ப்பதாக உறுதி. இன்றைய வல்லுநர்கள் பல பேரிடர்களுக்குப் பின் கண்டடைந்த திட்டம் அந்தச் சிறு உவமைக்குள் முழுமையாக இருக்கிறது.

அன்பர்களே, அடுத்த நிலநடுக்கமோ பெரும்புயலோ எந்த நாட்டில், எந்த நாளில் வரும் என்பது நமக்குத் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும். அந்தச் செய்தி வரும் நாளில், அலமாரியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்போம்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" பதில் வரும்வரை பொறுத்திருந்து, வந்த பதிலின்படி கொடுப்போம். அவர்கள் கேட்பது நாம் கொடுக்க நினைத்ததாக இல்லாமல் போகலாம். ஆனால், காயம் அவர்களுடையது. அது எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.